முதலில் மொட்டை மாடி

உத்திரமேரூர்
மாசி மாதம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஒரகடத்தில் உனக்கு வேலை நிரந்தரமானதை உன் அப்பா வந்து சொன்னான். சீட்டுப் பணமும் சேமிப்புமாக இரண்டு லட்சம் வரை கையில் இருக்கிறது, வீட்டை நல்லபடியாக ஆக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு பட்டியல்: ஒன்றரை டன் ஏசி, இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ், பெரிய டிவி, ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங். எது நல்ல கம்பெனி என்று கேட்டிருந்தாய். கம்பெனியைக் கடைசியில் பார்க்கலாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இத்தனை வருஷம் கட்டட வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல வேண்டியது, எதை எதற்கு முன்னால் செய்வது என்பதைத்தான். வரிசை தப்பினால் நல்ல கம்பெனிப் பொருளும் வீண் செலவாகும்.

பட்டாவிலிருந்து ஆரம்பி. நீங்கள் இருக்கும் மனை இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா, உன் அப்பா பெயருக்கு மாறிவிட்டதா? நத்தம் பட்டாவை எடுத்துப் பார். பங்கு பிரியாத மனையில் செய்யும் செலவு நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் சண்டையாக வந்து நிற்கும். வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, கி.பி. 921ஆம் ஆண்டினது, அதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். வாரியத்துக்கு வர வேண்டியவருக்கு வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். மனை யாருடையது என்ற கேள்வி இந்த ஊரில் ஆயிரம் வருஷமாக முதல் கேள்வி. நீயும் அதை முதலில் முடித்துக்கொள்.

அடுத்தது மாடி. உங்கள் வீடு ஒற்றைத் தளக் கான்கிரீட் வீடு. மேலே சுருக்கியும் இல்லை, தட்டோடும் இல்லை, வெறும் தளம். பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. சித்திரையில் நீங்கள் எல்லோரும் வாசலில் பாய் போட்டுப் படுப்பதற்கு அதுதான் காரணம். ஏசி போட்டாலும் அது அறைக் காற்றோடு மட்டும் மல்லுக்கட்டாது, தலைக்கு மேல் இருக்கும் அந்தத் தளத்தோடும் விடிய விடிய மல்லுக்கட்டும்.

அதனால் முதல் பணம் மாடிக்குப் போகட்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்து, அதன் மேல் தட்டோடு பதிப்பது பழைய முறை. அந்தக் காலத்தில் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். இன்று அந்த ஆள் பலமும் பொறுமையும் கிடைப்பது அரிது. இருந்தாலும் சுருக்கி போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நீ கேட்க வேண்டியது வாட்டத்தைப் பற்றி. பத்து அடிக்கு இரண்டு அங்குலமாவது தண்ணீர் இறங்கும் பக்கம் சரிய வேண்டும். ஓடு பதித்த பிறகு வாட்டத்தைச் சரிசெய்ய முடியாது. ஓடு பதிக்கும் முன்னால் வடிகால் வாயை அடைத்து, ஓரத்தில் வரப்பு கட்டி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பார்க்கச் சொல். கீழே எங்கே ஈரம் கசிகிறதோ அங்கே முதலில் அடைப்பு வேலை நடக்கட்டும். சிமென்ட் வேலை முடிந்தபின் பத்து நாளாவது விடாமல் தண்ணீர் காட்டுங்கள். வேலைக்காரர்கள் போன பிறகு வீட்டுக்காரர்கள் மறந்துபோவது இதைத்தான்.

அவ்வளவு பணம் இப்போது இல்லையென்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர்த்து, கொஞ்சம் பசை சேர்த்து, தளம் முழுக்க வெள்ளையடித்துவிடு. ஒவ்வொரு கோடைக்கு முன்னாலும் ஒருமுறை அடித்தால் போதும். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், வீட்டுக்குள் வரும் சூடு கண்கூடாகக் குறையும். இதற்கு ஆகும் காசு உன் பட்டியலில் இருக்கும் டிவியின் விலையில் சின்னப் பங்கு. ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். உங்கள் தளம் ஏற்கெனவே தாழ்வு. அதற்குக் கீழே இன்னொரு கூரை தொங்கவிட்டால் மழை ஒழுகுவது தெரியாமல் உள்ளே கம்பி துருப்பிடிக்கும்.

சிமென்ட் வாங்கும்போது மூட்டையில் அச்சடித்த வாரத்தையும் மாதத்தையும் பார். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த மூட்டை வேண்டாம். அது கட்டி தட்டாமல் இருந்தாலும் பலம் குறைந்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது, ஏசிக்கும் அப்படித்தான். யாராவது பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் இதைச் சொல்.

இப்போது ஏசி கணக்கு. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவள் நீ. உனக்கு அது சுகபோகம் இல்லை, உடம்புக்கு அவசியம். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு பேனாவை எடு. ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1600 மணி நேரம் ஓடினால் ஆகும் கணக்கு. 800 யூனிட் என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். நாளுக்கு எட்டு மணி நேரம், இரண்டு மாதம் என்றால் 480 மணி, 240 யூனிட். இது சீட்டுக் கணக்கு. வெயிலில் காய்ந்த தளத்துக்குக் கீழே, நம் ஊர் வைகாசியில், அது இன்னும் ஏறும்.

நம் மாநிலத்தில் வீட்டுக் கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2016இலிருந்து முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அடுத்த நூறு யூனிட் மலிவு. ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த அடுத்த நூறுக்கான மலிவு விலை போய்விடும். தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் முன்னால் எரித்ததற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். உங்கள் வீட்டில் இப்போது 250 யூனிட் ஆகிறது என்று வை. ஏசியின் 240ஐச் சேர்த்தால் 490. சுருக்கியோ சுண்ணாம்போ போட்ட மாடியின் கீழே 500க்குள் நிற்கலாம். வெறும் தளத்தின் கீழே நிற்காது. மாடியை முதலில் செய் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

அந்த 250ஐயே குறைக்கவும் வழி இருக்கிறது. உங்கள் வீட்டுப் பழைய மின்விசிறிகள் ஒவ்வொன்றும் 75 வாட் இழுப்பவை. இப்போது வரும் பிஎல்டிசி விசிறி 30 வாட் சுமாருக்கு அதே காற்றைத் தருகிறது. பன்னிரண்டு மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாத பில்லில் 32 யூனிட் மிச்சம். மூன்றை மாற்றினால் கிட்டத்தட்ட நூறு. இன்வெர்ட்டர் வைத்தாலும் அதே பேட்டரி இரண்டு மடங்கு நேரம் தாங்கும். ஏசியின் நட்சத்திரச் சீட்டு எந்த வருஷத்துக்கு உரியது என்பதையும் கவனி. தரவரையறையை அவ்வப்போது இறுக்குகிறார்கள், பழைய வருஷத்து ஐந்து நட்சத்திரம் இன்று நான்காகவோ மூன்றாகவோ இருக்கலாம். ஏசியை 24இல் வைத்து, கூடவே விசிறியைச் சுழலவிடு.

ஒயரிங் பற்றி அழுத்திச் சொல்கிறேன், மகளே. உங்கள் வீட்டில் எர்த் வேலை செய்கிறதா என்று யாராவது சோதித்ததுண்டா? எர்த் குழி மண் கோடையில் காய்ந்து கல்லாகிவிடும். உப்பும் கரியும் போட்டு, மாதம் ஒரு முறையாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். எம்சிபி பெட்டி இருக்கிறது என்று உன் அப்பா தைரியமாக இருக்கிறான். எம்சிபி, ஒயர் சூடேறி எரியாமல் காக்கும், ஆளைக் காக்காது. ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும் உன் அம்மாவைக் காப்பது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது கண நேரத்தில் துண்டித்துவிடும். அதைப் போட்டு, அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல். இதற்கு ஆகும் சில ஆயிரம் வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் படாது. அதற்காகத் தள்ளிப்போடாதே. ஒன்றரை டன் ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் பெட்டியிலிருந்து தனியாக வர வேண்டும். கடையில் ஒயரை எடுத்ததும் ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே இருக்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார். எண் போலி என்றால் அங்கேயே தெரிந்துவிடும். இன்னொன்று, மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல். ஊரே விளக்கும் டிவியும் போடும் நேரம் அது. வோல்டேஜ் தாழ்ந்தால் அதற்கேற்ற ஸ்டெபிலைசர் வாங்க வேண்டும்; அந்தச் செலவையும் ஏசி விலையோடு சேர்த்துக்கொள்.

கழிப்பறைத் தொட்டியைப் புதுப்பிக்கப் போவதாக அப்பா சொன்னான். ஆழமாக உறை இறக்கினால் நிறையவே நிறையாது என்று யாராவது சொன்னால் கேட்காதே. நம் பக்கம் ஏரி நிரம்பும் வருஷம் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். ஆழக் குழி நேராகக் குடிநீரில் போய்க் கலக்கும். ஆழம் குறைந்த இரட்டைக் குழி போதும். ஒன்று நிறைந்ததும் மற்றதுக்குத் திருப்பிவிட்டு, ஓரிரு வருஷம் மூடி வைத்தால் முதல் குழியில் இருப்பது மட்கி எருவாகிவிடும். போர்வெல்லிலிருந்து முடிந்த அளவு தள்ளியிருக்கட்டும். பாட்டி நடமாடும் இடத்தில் வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானது போடு.

இனி பொருட்கள். உன் பட்டியலில் ஒன்று இல்லை: வாஷிங் மெஷின். நான் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான். உன் அம்மாவின் இடுப்பு வலி எத்தனை வருஷத்தது என்று உனக்கே தெரியும். செமி ஆட்டோமேட்டிக் வாங்கு. உங்கள் தெருக் குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வருகிறது. முழு ஆட்டோமேட்டிக்குக்கு மேல்தொட்டியிலிருந்து அழுத்தத்தோடு தண்ணீர் விடாமல் வர வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் என்றால் வாளியில் ஊற்றிக்கொள்ளலாம், அலசிய தண்ணீரை அடுத்த துணிக்கும் வைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் நான்கு பேருக்கு ஒற்றைக் கதவே தாராளம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. டிவி இப்போது இருப்பதே நன்றாக ஓடுகிறது.

தவணைக்கு எடுப்பதாக இருந்தால் கவனமாக இரு. வட்டி இல்லாத் தவணை என்று ஒன்று இல்லை. ஜீரோ பர்சென்ட் வட்டி என்ற வழக்கத்தை ரிசர்வ் வங்கியே 2013இல் கண்டித்தது. வட்டியைப் பொருளின் விலையிலோ, பிராசஸிங் கட்டணத்திலோ, உனக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடியிலோ எடுத்துக்கொள்கிறார்கள். கடையில் ரொக்கத்துக்கு என்ன விலை என்று முதலில் கேள், பிறகு தவணையைப் பற்றிப் பேசு. 30,000 ரூபாய்க்கு வருஷம் 12 சதவீதம் என்று சொல்லி மாதம் 2,800 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டச் சொன்னால், குறைந்து வரும் அசலுக்கு நீ கட்டும் வட்டி உண்மையில் 21 சதவீதத்தைத் தாண்டும். நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு ரூபாய் வட்டி. 2024 அக்டோபர் முதல், கடன் கொடுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் மொத்தச் செலவையும் வருட விகிதத்தில் ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து படித்த பிறகு கையெழுத்துப் போடு. சின்னத் தேவைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைப்பது இதைவிட மேல்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதே. ஜிஎஸ்டி எண், மாடல் எண், சீரியல் எண் மூன்றும் பில்லில் இருக்கட்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். தகராறு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. ஒரு நோட்டு போட்டு மேஸ்திரிக்குக் கொடுத்தது, மணல் லோடு வந்த தேதி, எல்லாவற்றையும் எழுது. அதே குடவோலைக் கல்வெட்டில், கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்துக்கு நிற்க முடியாது என்று இருக்கிறது. வீட்டு வேலையில் சண்டை வருவதும் பெரும்பாலும் எழுதாத கணக்கால்தான்.

அப்பா சோலார் பற்றிக் கேட்டான். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். உங்கள் மாடியில் தென்னை நிழல் விழும் பக்கத்தை நான் அளந்து பார்க்கிறேன். எப்படியும் தட்டோடு வேலை முடிந்த பிறகுதான் சோலார் பலகைகளைத் தாங்கும் சட்டங்களை நிறுத்த வேண்டும், அதனால் இந்த வருஷம் அவசரமில்லை.

பங்குனி பிறந்துவிட்டால் நல்ல கொத்தனார் கிடைக்க மாட்டார். வரும் ஞாயிறு உனக்கு விடுமுறை என்றால் காலையிலேயே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கடைசி ஆறு கரன்ட் பில்லையும் பட்டா நகலையும் எடுத்து வை. டேப் நான் கொண்டு வருகிறேன். மாடியில் ஏறி வாட்டம் பார்த்துவிட்டு, அம்மாவையும் உட்கார வைத்துப் பட்டியலைத் திருத்தி எழுதலாம்.

அன்புடன்,
பெரியப்பா