'காஞ்சிவரம்' படம் வியாபாரிக்குச் சொல்லும் பாடம்

நூல் விலை, வரி, வாராக்கடன் என்று எழுதிவரும் நாம் இம்முறை ஒரு சினிமாவை எடுத்துக் கொள்கிறோம். மந்த காலத்தில் வியாபாரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அந்தப் படத்தில் பாடம் இருக்கிறது.

படத்தின் பெயர் 'காஞ்சிவரம்'. இயக்கியவர் பிரியதர்ஷன். 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்கான தேசிய விருதும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. திரையரங்கிற்கு வந்தது 2009 மார்ச்சில். அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் விழுந்து ஆறு மாதம் ஆகியிருந்த நேரம். நம் குடோன்களில் காடாத் துணி தேங்கிக் கிடந்தது. அன்று அதை ஓர் அழுகைப் படம் என்று பார்த்துவிட்டு வந்தோம். அண்மையில் மறுபடி பார்த்தபோதுதான் அதில் நம்முடைய கணக்கும் இருப்பது தெரிந்தது.

கதை

சுதந்திரத்திற்கு முந்தைய காஞ்சிபுரம். வேங்கடம் பட்டு நெசவாளி. ஊரெல்லாம் உடுத்தும் பட்டை நெய்கிறவனுக்குத் தன் கல்யாணத்திற்கு ஒரு பட்டுச் சேலை வாங்க வழியில்லை. மகளையாவது பட்டு உடுத்தி அனுப்புவேன் என்று சபையில் வாக்குக் கொடுக்கிறான். சேர்த்த பணமும் குடும்பத் தேவைக்குப் போய்விடுகிறது. அதன்பிறகு வேலை செய்யும் இடத்திலிருந்து தினமும் கொஞ்சம் பட்டு இழையை வாயில் அடக்கிக் கொண்டு வந்து, இரவில் ரகசியமாக நெய்கிறான். கூலிக்காக நெசவாளிகள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அதை முன்நின்று நடத்துகிறவனும் அவனே. தறி நின்றால் இழை கிடைக்காது என்பதால், மகள் கல்யாணம் நெருங்கும்போது அவனே வேலைக்குத் திரும்பச் சொல்கிறான். பிறகு பிடிபட்டுச் சிறைக்குப் போகிறான். கடைசியில், 1948இல், இறந்த மகள்மேல் போர்த்த அந்த அரைச் சேலை போதவில்லை.

இந்தக் கதையில் திருட்டுக்கு நியாயம் தேட வேண்டியதில்லை. ஆனால் நூல் கொடுத்துத் துணி வாங்குகிற நமக்கு ஒன்று தெரியும். பாவும் ஊடையும் எடை போட்டுக் கொடுக்கிறோம், துணியை எடை போட்டு வாங்குகிறோம். கூலி கட்டாத காலத்தில்தான் எடை குறையத் தொடங்கும். வேங்கடத்தின் முதலாளி தராசைப் பார்த்தாரே தவிர, அது ஏன் குறைகிறது என்று பார்க்கவில்லை.

அந்தக் காலம் எப்படிப்பட்டது?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1930களின் தொடக்கத்தில் நம் பக்கத்துப் பருத்தி, நெல், நிலக்கடலை விலைகள் ஏறக்குறையப் பாதியாக விழுந்தன. குடியானவன் கையில் காசில்லை என்றால் துணி வாங்க ஆளில்லை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் பெருகின. ஆனால் கைத்தறிக்காரருக்கு வாங்குவோரும் குறைந்தார்கள், மில் துணியின் போட்டியும் கூடியது. அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அறிந்த நெசவாளர் கூட்டுறவு அமைப்பு 1935இல் பிறந்தது. ராஜாஜி அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது.

கடன் கொடுத்தவர்களும் தப்பவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தார் கையில் இருந்தது. 1937இல் அது 25 பங்காயிற்று. அசலும் வட்டியும் வராமல் நிலமாக வந்து சேர்ந்தது. வாங்கியவன் நொடித்தால் கொடுத்தவனுக்கு மிஞ்சுவது பத்திரம்தான், ரொக்கம் இல்லை.

நாங்கள் செய்த தவறு

பிறரைச் சொல்லும்முன் எங்களைச் சொல்லிவிடுகிறோம். 2008 கடைசியில் சரக்கு நகரவில்லை. எங்கள் கடையில் நெசவுக் கூலியில் மீட்டருக்குச் சில காசு குறைத்தோம். எட்டுத் தறி வைத்துப் பதினான்கு வருடம் எங்களுக்கே ஓட்டியவர் வந்து நின்றார். "ஏனுங்க மொதலாளி, நூல் வெலை எறங்கலீங்களே, எங்க கூலி மட்டும் எதுக்குங்க எறங்கோணும்?" என்றார். "கட்டுனா ஓட்டுங்க, இல்லீன்னா விடுங்க" என்று சொல்லி அனுப்பினோம். அவர் சத்தம் போடவில்லை. சில மாதம் ஓட்டினார். பிறகு எட்டுத் தறியையும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்.

2010இல் ஆர்டர் திரும்பி வந்தது. தறி இல்லை. அதிகக் கூலிக்கு வேறு ஊரில் நெய்து வாங்கினோம். தவணை தவறி, பழைய வாடிக்கையாளர் ஒருவர் கையைவிட்டுப் போனார். காசு கணக்கில் மிச்சம் பிடித்ததை லட்சக் கணக்கில் விட்டோம். அவரைப் பிறகு வழியில் பார்த்தால் இன்றும் "நல்லா இருக்கீங்களா" என்றுதான் கேட்கிறார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு ரொட்டிக் கடை

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி அமெரிக்கப் படம் ஒன்றில் உண்டு. 1940இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. 1930களின் பெருமந்தத்தில் நிலத்தை இழந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் குடும்பத்தின் கதை. வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் 10 சென்டுக்கு ரொட்டி கேட்கிறார்கள். விலை 15 சென்ட். கடைக்காரர் 10 சென்டுக்கே கொடுக்கச் சொல்கிறார். குழந்தைகள் பார்த்து நிற்கும் மிட்டாய் ஒன்று 5 சென்ட். பரிமாறும் பெண் ஒரு சென்டுக்கு இரண்டு என்று சொல்லிக் கொடுக்கிறாள். அங்கே உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர்கள் இதைப் பார்த்து, மீதிச் சில்லறையை வாங்காமலே போகிறார்கள்.

எல்லா நாளும் இப்படி நடக்காது. விலை குறைத்துக் கொடுத்தே கடை நடத்தவும் முடியாது. ஆனால் கடையின் பெயர் எங்கே சேர்கிறது என்பதை அந்தக் காட்சி காட்டுகிறது.

செய்யக் கூடியவை

மேலே இருப்பவர் விலையைக் குறைக்கும்போது நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பட்டதிலிருந்து சொல்கிறோம்.

1. மந்தத்தில் கூலி விகிதத்தைத் தொடுமுன் உற்பத்தியைக் குறைக்கலாம். இருக்கும் ஆர்டரை எல்லாத் தறிக்கும் பங்கிட்டால் எந்தத் தறியும் இரும்புக் கடைக்குப் போகாது.

2. சனிக்கிழமைக் கூலி தள்ளிப் போகக் கூடாது. குறைந்த கூலியைவிடத் தவறிய கூலிதான் வட்டிக்காரனிடம் அனுப்புகிறது.

3. குறைத்தே ஆக வேண்டுமானால் விற்ற விலையையும் நூல் விலையையும் எதிரில் வைத்துப் பேசி, எப்போது திருப்பி ஏற்றுவோம் என்றும் சொல்லிவிட வேண்டும்.

4. போட்ட ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும். 2022 ஜனவரியில் தொடங்கி வாரக்கணக்கில் தறிகள் நின்றது, பேசி முடித்த கூலி கைக்கு வரவில்லை என்ற குறையால்தான். அந்த வாரங்களில் நம் ஊர் மளிகைக் கடையிலும் விற்பனை இல்லை என்பதை மறக்கலாகாது.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். நம் வீடும் அதே தெருவில்தான் இருக்கிறது. 'காஞ்சிவரம்' பார்க்காதவர்கள் ஒருமுறை குடும்பத்தோடு பாருங்கள். கடைசிக் காட்சியில் அந்த அரைச் சேலையைப் பார்க்கும்போது, நம்மிடம் நெய்கிறவர் வீட்டில் அடுத்த கல்யாணம் எப்போது என்று யோசித்துப் பாருங்கள்.