கையடக்கக் கணிப்பொறி: கவர்ச்சியும் இழப்பும்

முன்னுரை

என் பாட்டியின் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சில்லறை, தலைவலித் தைலம் என்று அவருக்கு வேண்டியதெல்லாம் அதற்குள் அடக்கம். என் தந்தையாருக்குச் சட்டைப்பை. அதில் ஒரு சிறு குறிப்பேடு. ஆள் கூலி, உர மூட்டை, நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட மூட்டைக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கும். வேண்டிய பொருளைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள விரும்புவது மனித இயல்பு. அந்த இயல்பே கணிப்பொறியையும் அறையிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து மடிக்கும், மடியிலிருந்து சட்டைப்பைக்கும் கொண்டுவந்தது எனலாம்.

சட்டைப்பைக்குள் நுழையும் அளவிலான மடிக்கணினியை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடித்தது. இந்த ஆண்டு சம்பா அறுவடைக்கு முன் என் தந்தையார், "அறுப்பு முடியட்டும், எட்டாயிரம் தர்றேன். அதுக்குள்ள எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லும்மா" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்; வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. ஆகவே நானே படித்தும் சோதித்தும் பார்த்தேன். அதில் அறிந்ததை என்னைப் போன்ற மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலகில் நடந்த முயற்சிகள்

சிறிய கணிப்பொறி என்பது புதிய ஆசையன்று. 1996இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் லிப்ரெட்டோ என்ற சிறு மடிக்கணினியை வெளியிட்டது. அதன் திரை 6.1 அங்குலம், எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. 1997இல் இங்கிலாந்தின் சையான் நிறுவனம் வெளியிட்ட கையடக்கக் கருவி, கடிகாரத்துக்கும் டார்ச்சுக்கும் போடும் சாதாரண பேட்டரி இரண்டிலேயே ஓடியது. 2007இல் தைவானின் ஆசஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையுடன் ஈ பிசி என்ற கணிப்பொறியை மலிவாக விற்றது. அதைக் கண்டு மற்ற நிறுவனங்களும் போட்டி போட, நெட்புக் என்ற இனமே தோன்றியது. சில ஆண்டுகளில் அலைபேசியும் பலகைக் கணினியும் வந்து அந்த அலையை அடக்கின. 2017இல் சீனத்தின் ஜிபிடி நிறுவனம் வெளியிட்ட பாக்கெட் என்ற கருவியின் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. இவ்வினம் இன்றும் வருகிறது. ஆனால் இவற்றின் விலை, நாம் வாங்கும் சாதாரண மடிக்கணினியைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கிறது. சிறியது மலிவு என்ற எண்ணம் இங்கே பொய்த்துவிடுகிறது.

நம் நாட்டின் முயற்சிகள்

நம் நாட்டிலும் ஓர் அரிய முயற்சி நடந்தது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும், என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர்தான் அது. எளிமை, மலிவு, பன்மொழி ஆகிய பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அந்தப் பெயர் அமைந்தது. 2001இல் அதன் முன்மாதிரி வெளியானது. விசைப்பலகை கிடையாது, சிறு கோலால் திரையைத் தொட்டு இயக்க வேண்டும். எழுத்தறியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரு கருவியை ஊரார் பலர் பகிர்ந்துகொள்ளலாம். அவரவர் விவரம் அவரவர் அட்டையில் இருக்கும். கர்நாடகத்தில் நில ஆவணங்களுக்கான பூமி திட்டத்தில் பயிர் விவரங்களைப் பதிவு செய்யவும் இக்கருவி பயன்பட்டது. 2004இல் அமிடா சிம்ப்யூட்டர் என்ற பெயரில் கடைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை ரூ. 9,950. ஆனால் சில ஆயிரம் மட்டுமே விற்றது. கீழிருந்து அலைபேசி மலிவாகி வந்தது. மேலிருந்து மடிக்கணினி விலை இறங்கி வந்தது. இரண்டுக்கும் நடுவே அதற்கு இடமில்லாமல் போயிற்று.

2011ஆம் ஆண்டை நாம் சிறப்பாக நினைக்க வேண்டும். அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. மூன்றே வாரத்தில், அக்டோபர் 5 அன்று, மைய அரசு மாணவர்களுக்காக ஆகாஷ் என்ற பலகைக் கணினியை அறிமுகம் செய்தது. ஒன்று 14 அங்குலம். மற்றொன்று 7 அங்குலம். மாணவருக்கு எது ஏற்றது என்ற கேள்விக்கு இரு அரசுகள் இரு விடை கூறின. ஆகாஷின் வேகமும் மின்கலமும் தொடுதிரையும் போதவில்லை என்ற குறை எழுந்து, அடுத்த ஆண்டே திருத்திய வடிவம் வர நேர்ந்தது. 14 அங்குலக் கருவியைச் சுமப்பது கடினந்தான். ஆனால் அதில் பாடம் எழுத முடிந்தது.

அளவு குறையும்போது நிகழ்வது என்ன?

இனி இயற்பியல் மாணவிக்கு உரிய முறையில் சிறிது கணக்குப் பார்ப்போம். திரையின் அளவை மூலைவிட்டத்தால் சொல்கிறோம். 14 அங்குல அகலத்திரையின் அகலம் ஏறத்தாழ 31 செ.மீ., உயரம் 17.4 செ.மீ. 7 அங்குலத் திரைக்கு இவை 15.5 செ.மீ., 8.7 செ.மீ. ஆகும். மூலைவிட்டம் பாதியானால் பரப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிறது. நான்கு பக்கம் தெரிந்த இடத்தில் ஒரு பக்கந்தான் தெரியும்.

தடிமனும் பாதியானால் கன அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். மின்கலம் தேக்கும் ஆற்றல் கன அளவைப் பொறுத்தது. திரை செலவழிக்கும் ஆற்றல் பரப்பைப் பொறுத்தது. செலவு கால் பங்காகும்போது சேமிப்பு எட்டில் ஒரு பங்காகிறது. அதாவது மின்கலம் தாங்கும் நேரம் பாதியாகும். வெப்பமும் அவ்வாறே. செயலியில் பிறக்கும் வெப்பம் மேற்பரப்பின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பரப்போ கால் பங்கு. ஆகவே சிறு கருவியில் வலிய செயலியை முழு வேகத்தில் நெடுநேரம் ஓட்ட முடியாது. முதல் ஈ பிசியில் 900 மெகாஹெர்ட்ஸ் செயலியை 630 அளவில் அடக்கியே ஓட்டினார்கள்.

விசைப்பலகைக்கு வருவோம். வழக்கமான பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மி.மீ. ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 15 விசையளவு இடம் வேண்டும், அதாவது 28.5 செ.மீ. இது 14 அங்குலக் கருவியில் தாராளமாக அடங்கும். 15.5 செ.மீ. அகலத்தில் அடக்கினால் ஒரு விசைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 மி.மீ.தான். கணிப்பொறி சிறுத்தாலும் விரல் சிறுப்பதில்லை அன்றோ!

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது

விற்பனை விளம்பரங்கள் சொல்லாத ஒன்று உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையடுத்துத் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை தமிழ்99 ஆகும். அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், பெரும்பாலான மெய்கள் வலக்கைக்கும் அமைந்துள்ளன. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து விசைகள் போதும். தமிழுக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, புள்ளியும் வேண்டும். ஆகையால் ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகளுக்கு உரிய விசைகளையும் தமிழ் எடுத்துக்கொள்கிறது. ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்தும் பலகையின் வலது ஓரத்திலுள்ள அத்தகைய குறி விசைகளில்தான் உள்ளன.

சிறு கணிப்பொறி செய்வோர் இடம் போதாதபோது முதலில் கை வைப்பது இந்த ஓர விசைகளில்தான். அவற்றைக் குறுக்குவார்கள், அல்லது வேறு வரிசைக்கு மாற்றுவார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது பெரிய இழப்பன்று. நமக்கோ 'ழ' போய்விட்டால் தமிழ் என்ற சொல்லையே தட்டுத்தடுமாறித்தான் அடிக்க வேண்டும்.

திரையிலும் இச்சிக்கல் உண்டு. 2009இல் சோனி வெளியிட்ட வயோ பி கருவியில் 8 அங்குலத் திரைக்குள் 1600க்கு 768 புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 222 புள்ளி. 1366க்கு 768 உள்ள 14 அங்குலத் திரையில் அது 112தான். ஆகவே பெரிதாக்காமல் படித்தால் எழுத்து பாதி அளவில் தெரியும். ன, ண வேறுபாடும் மெய்யின் புள்ளியும் கண்ணை உறுத்தும். பெரிதாக்கினால் பக்கம் சுருங்கும். எழுத்தை இழப்பதா, பக்கத்தை இழப்பதா என்பதே தேர்வு.

என் பத்து நாள் சோதனை

திருப்பூரில் வேலை செய்யும் என் மாமா மகன், தன்னிடமிருந்த 10 அங்குல நெட்புக் ஒன்றைப் பத்து நாள் எனக்குக் கொடுத்தார். லினக்ஸ் ஏற்றி, புது மின்கலம் போட்டு வைத்திருந்தார். அதன் மீது எனக்கு உடனே ஆசை பிறந்தது உண்மை. அம்மாப்பேட்டைப் பக்கத்திலிருந்து தஞ்சைக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். கூட்டத்தில் நசுங்காமல் பைக்குள் கிடந்தது. இருக்கை கிடைத்த நாளில் மடியில் வைத்து ஆய்வகக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தேன். ஐப்பசி மழையில் ஊரில் மின்சாரம் நின்ற இரவிலும் மூன்று மணி நேரம் ஓடியது. பைத்தான் மொழியில் சிறு நிரல் எழுதவும் போதுமானதாக இருந்தது.

ஆறாம் நாள்தான் அதன் குறை தெரிந்தது. உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை இரவில் அதில் நிரப்பினேன். கடைசியில் ஒரு சிறு சாளரம் தோன்றியது. எல்லாம் முடிந்தது என்று மூடிவிட்டுப் படுத்தேன். மறுநாள் வகுப்பில், விண்ணப்பிக்காதவர் பட்டியலில் என் பெயரும் வாசிக்கப்பட்டது. அன்றே கடைசி நாள். ஓடிப்போய்க் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்தில் பார்த்தபோதுதான் புரிந்தது. நெட்புக்கின் திரை உயரம் 600 புள்ளி. அந்தச் சாளரம் அதைவிட உயரம். 'உறுதி செய்க' என்ற பொத்தான் திரைக்குக் கீழே மறைந்திருந்தது. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியவில்லை. மாலைக்குள் அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த ஒரு பகல் முழுவதும், தந்தையாரிடம் என்ன சொல்வது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இத்தகைய திரை உடையவர்கள் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கழித்தல் குறியைத் தட்டினால் இணையப் பக்கம் சுருங்கி முழுதும் தெரியும். முக்கியமான விண்ணப்பம் எதுவானாலும், ஒப்புகை எண் கைக்கு வந்த பிறகே கருவியை மூட வேண்டும். இது நான் கற்ற பாடம்.

எங்கே அது பயன்படும்?

அப்படியானால் சிறிய கருவியே வீணா? இல்லை. நாள்தோறும் பேருந்தில் நடத்துனர் கையிலுள்ள பயணச்சீட்டுக் கருவியைப் பாருங்கள். சிறு திரை, சில விசை, உள்ளேயே அச்சுப்பொறி. நாள் முழுவதும் சளைக்காமல் உழைக்கிறது. நியாயவிலைக் கடையின் விற்பனைக் கருவியும் அவ்வாறே. இவையும் கையடக்கக் கணிப்பொறிகள்தாம். இவை வெற்றி பெற்றதற்குக் காரணம், செய்யும் வேலை ஒன்றே என்பதும் அது முன்பே தெரிந்தது என்பதும் ஆகும். வேலைக்கேற்றபடி விசையும் திரையும் அமைத்துவிட்டார்கள்.

மாணவரின் வேலையோ ஒன்றன்று. கட்டுரை எழுத வேண்டும். வரைபடம் போட வேண்டும். ஒரு பக்கம் நூலும் மறுபக்கம் குறிப்புமாகப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் அனுப்ப வேண்டும். சட்டைப்பைக் கணிப்பொறியைப் புகழ்வோரில் பலர் வீட்டு மேசையில் ஒரு பெரிய கணிப்பொறியும் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு இது இரண்டாவது கருவி. பெரியது செய்யாததை இது செய்தால் போதும். நம்மில் பலருக்கோ வாங்கப் போவதே ஒன்றுதான். அந்த ஒன்று எல்லா வேலையையும் தாங்க வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்து அவர்கள் புகழ்வதை நாம் வாங்கினால் இழப்பு நமக்கே.

முடிவுரை

எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினி ஏற்கெனவே இருந்தது. என் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு தந்தது. 14 அங்குலம், ஏறத்தாழ 2 கிலோ. அக்காவின் படிப்பு அத்துடன் நின்றுவிட்டதால் அது பரண் மேல் கிடந்தது. மின்கலம் செத்துவிட்டது, திறக்கவே பத்து நிமிடம் ஆகும் என்று நான் அதைத் தொட்டதில்லை. நெட்புக்கைத் திருப்பிக் கொடுத்த பின் அதை இறக்கித் துடைத்தேன். "எடுத்துக்கோ, யாராவது படிச்சா சரி" என்றார் அக்கா.

அறுவடை முடிந்தது. தந்தையார் சொன்னபடி எட்டாயிரம் தந்தார். அதில் புது மின்கலமும், பழைய சுழல்வட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை வட்டும் போட்டேன். இப்போது ஒரு நிமிடத்துக்குள் திறக்கிறது. இக்கட்டுரையை அதில்தான் தட்டச்சு செய்தேன். 'ழ' அதற்குரிய இடத்திலேயே இருக்கிறது. பேருந்தில் தோள் வலிப்பதும் உண்மைதான்.

மீதிப் பணத்தைத் தந்தையாரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, படிப்புச் செலவு என்று எழுதி, கழித்துப் போட்டு, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய கணக்குக்கு அந்த அளவு போதும். நம் வேலைக்கு எந்த அளவு போதும் என்பதைக் கடைக்குப் போகுமுன் நாமே அளந்துகொள்ள வேண்டும் என்பதே மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள்.