மாஸ்டர் பிளானுக்கு ஆட்சேபணை எழுதப்போகிறீர்களா?

2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் அதற்குள் வந்துவிட்டது. இனி எங்கே வீடு, எங்கே கம்பெனி, எங்கே ஏரி என்பதை மாஸ்டர் பிளானின் வரைவு மேப்பில் பூசும் நிறம்தான் தீர்மானிக்கும். டீக்கடையில் கொதித்துவிட்டுக் கெடு தேதியைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். நீங்கள் இன்றே தயாராகுங்கள்.

செய்ய வேண்டியவை

• சர்வே எண்ணை உட்பிரிவோடு எடுத்து வையுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் வைத்து மேப்பில் உங்கள் இடத்தைத் தேட முடியாது.

• அரசிதழில் அறிவிப்பு வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, அன்றிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் உண்டு.

• வாடகைக்கு இருந்தாலும் எழுதுங்கள். ஆட்சேபணை சொல்லப் பட்டா தேவையில்லை.

• வேலைக்காகக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வாடகை வீடு கேளுங்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த 18,720 படுக்கை விடுதி பெண் தொழிலாளர்களுக்கானது; மனைவி, குழந்தையோடு ஒரகடத்துக்கு வேலைக்கு வருகிறவர் அங்கே தங்க முடியாது.

• ஏரியையும் வரத்துக்கால்வாயையும் பழைய கிராம வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். தண்ணீர் போகும் வழியில் மனை போட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அனுபவித்தன.

• ‘நேரில் விளக்க வாய்ப்பு தேவை’ என்று ஒரு வரி சேருங்கள். கேட்டு எழுதியவருக்குத்தான் அந்த உரிமை.

• நகலில் சீல், தேதி வாங்குங்கள். மனு கொடுத்ததற்கு அதுதான் அத்தாட்சி.

செய்யக்கூடாதவை

• ‘இந்தத் திட்டமே வேண்டாம்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த இடம், என்ன மாற்றம், ஏன் என்று சொல்லாத மனுவை ஒதுக்கிவைப்பது சுலபம்.

• ஒரே அச்சுத்தாளில் ஊரே கையெழுத்துப் போடாதீர்கள். அவரவர் நிலத்தின் சிக்கல் அதில் காணாமல் போகும்.

• கிராம சபைத் தீர்மானம் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது துணை ஆவணம். நகலை இணைத்துத் தனி மனு கொடுங்கள்.

• படுக்கை எண்ணிக்கையில் மயங்காதீர்கள். 2021 டிசம்பரில் வேறொரு விடுதியின் சாப்பாடு விஷமாகி, அங்கே தங்கியிருந்த பெண் தொழிலாளர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். குடிநீர், கழிவுநீர், சமையல்கூடம் என எல்லாவற்றுக்கும் ஏற்பாடு கேளுங்கள்.

• ‘சீக்கிரமே குடியிருப்பு மண்டலம் ஆகிவிடும்’ என்னும் புரோக்கரை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வரைவில் உள்ளது இறுதித் திட்டத்தில் மாறலாம்.

• அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். மனுவுக்கு ஜெராக்ஸ் போதும்.

• பதில் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ‘என் மனு மீது எடுத்த முடிவு என்ன?’ என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.