பழைய கணினிக்குப் புது இயங்குதளம்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது?



தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் கிடைத்த மடிக்கணினிகளும் கடையில் வாங்கிய பழைய மேசைக் கணினிகளும் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அண்ணன் படித்த கணினியில் இன்று தங்கை படிக்கிறாள்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் இந்தப் பழைய கணினிகளில் பெரும்பாலும் இல்லை. "பயாஸை அப்டேட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். பயாஸை மாற்றுவதால் பழைய செயலி புதியதாகிவிடாது.

இரண்டு வேலை, இரண்டு ஆபத்து

இயங்குதளம் இருப்பது ஹார்டு டிஸ்கில். நிறுவும்போது தவறு நேர்ந்தால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். பயாஸ் இருப்பது மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்பில். கணினியை எழுப்பிவிடுவதே அதன் வேலை. அதை மாற்றி எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கணினி எழாமலே போகலாம். பிறகு தனிக் கருவி வைத்து அந்தச் சிப்பை எழுத வேண்டும், அல்லது போர்டையே மாற்ற வேண்டும். ஆகவே இயங்குதளம் முதலில். பயாஸ் கடைசியில், அதுவும் தேவை இருந்தால் மட்டும்.

1. நகல் எடுங்கள்

மதிப்பெண் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், குடும்பப் படங்கள் அனைத்தையும் வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள். நகலைத் திறந்தும் பாருங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. தேதியைப் பாருங்கள்

கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போகிறதா? போர்டில் உள்ள நாணய பேட்டரி தீர்ந்திருக்கும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சிஆர்2032 வகைதான். அதை மாற்றாவிட்டால் பயாஸில் நீங்கள் செய்யும் அமைப்புகள் நிலைக்காது. இணையதளங்களும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும்.

3. ஏற்ற இயங்குதளத்தைத் தேர்ந்தெடுங்கள்

சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசம். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பும் இலவசம். மின்ட்டுக்கு 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் வசதி. 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் மென்பொருள் மூலம் ஏற்றலாம். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். மின்ட்டை நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே இயக்கி வைஃபை, ஒலி, பிரிண்டர் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம்.

4. தடங்கல் வந்தால்

பென்டிரைவ் தெரியவில்லை: வேறு போர்ட்டில் செருகுங்கள். பூட் மெனுவைத் திறக்கும் விசை எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பயாஸில் செக்யூர் பூட் அமைப்பையும் பாருங்கள்.

விண்டோஸ் நிறுவும்போது "எம்பிஆர்" அல்லது "ஜிபிடி" என்று சொல்லி மறுக்கிறது: பயாஸின் பூட் முறையும் டிஸ்க் பிரிவு முறையும் பொருந்தவில்லை. யுஇஎஃப்ஐ முறைக்கு ஜிபிடி, பழைய லெகசி முறைக்கு எம்பிஆர். டிஸ்கை அழிக்காமல் முதலில் பூட் முறையை மாற்றிப் பாருங்கள்.

டிஸ்க் தெரியவில்லை: பயாஸில் சேட்டா முறை "ரெய்டு" என்று இருந்தால் "ஏஹெச்சிஐ" ஆக்க வேண்டியிருக்கும். அப்படி மாற்றினால் பழைய விண்டோஸ் திறக்காமல் போகலாம். நகல் எடுத்த பிறகே மாற்றுங்கள்.

பாதியில் நிற்கிறது: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பென்டிரைவையோ பதிவிறக்கிய கோப்பையோ சந்தேகியுங்கள். வெவ்வேறு இடத்தில் நின்றால் மெம்டெஸ்ட்86+ கொண்டு ரேமைச் சோதியுங்கள்.

5. பயாஸ் எப்போது?

உங்கள் கணினியில் உள்ள அதே கோளாறைப் புதிய பயாஸ் தீர்ப்பதாக, அல்லது பாதுகாப்புக் குறையைச் சரிசெய்வதாக, தயாரித்த நிறுவனமே எழுதியிருந்தால் மட்டும். மாடல் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கோப்பை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். மடிக்கணினியில் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் அவசியம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலும், மழையும் காற்றுமான நாளிலும் இந்த வேலை வேண்டாம். பிட்லாக்கர் இருந்தால் முன்னதாகத் தற்காலிகமாக நிறுத்துங்கள். தொடங்கிய பின் திரை கறுத்தாலும், தானே மறுபடி எழும் வரை பொத்தானைத் தொடாதீர்கள்.

கடைசியாக, மாடல் எண், பயாஸ் பதிப்பு, எதை எதிலிருந்து எதற்கு மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கணினிப் பையில் வையுங்கள். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகும்போது அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.