ரெசிடென்சியில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் கை வைக்கிறார்கள், சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஆனால் விசாவில் இருப்பவன் தெருவில் இறங்கலாமா என்று கேட்டிருந்தாய். விசா விஷயத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேள். மற்றதற்கு நான் பதில் சொல்கிறேன்.

நீ மதுரை ராஜாஜி மருத்துவமனையில் பழகியவன். அங்கே ஓ.பி. சீட்டு போட்டால் டாக்டரைப் பார்த்துவிடலாம். இங்கே அமெரிக்காவில் ஏழை முதலில் தன் தகுதியை நிரூபிக்க வேண்டும், பிறகு நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டு விழுவது அங்கேதான். சிகிச்சை கிடையாது என்று எவரும் சொல்வதில்லை, காகிதம் வரவில்லை என்றுதான் சொல்வார்கள்.

நீ இருக்கும் ஆர்கன்சாவில் 2018 ஜூனில் இது நடந்தது. மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டாதவருக்குக் காப்பீடு இல்லை என்றார்கள். கணக்கை இணையத்தில்தான் பதிய வேண்டும். அந்தத் தளம் இரவு 9 மணிக்கு மூடி, காலை 7 மணிக்குத்தான் திறக்கும். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர், வீட்டில் கணினி இல்லாதவர், மின்னஞ்சலே வைத்திராதவர் என்ன செய்வார்? மூன்று மாதம் தவறினால் அந்த ஆண்டு முடியும்வரை காப்பீடு கிடையாது. ஆண்டு முடிவதற்குள் 18,000-க்கும் மேற்பட்டோர் அதை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் தடுத்தது. ஆய்வாளர்கள் பின்னர் பார்த்தபோது, அந்த நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலையில் இருந்தார்கள் அல்லது விலக்குப் பெறத் தகுதியானவர்கள். வேலைக்குப் போவோர் எண்ணிக்கையும் கூடவில்லை. “உடம்பில் தெம்பிருப்பவன் உழைக்கட்டுமே” என்று உன் சக டாக்டரே சொல்வார். அவரிடம் கோபப்படாதே, இந்த ஆய்வைச் சொல்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதே 80 மணி நேரத்தை, மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்களுக்கெல்லாம் கொண்டுபோகிறது. 2027 தொடக்கத்துக்குள் அமலாக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை வேறு. அந்தச் சட்டம் முழுவதாலும் 2034-ல் காப்பீடு இல்லாதோர் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் கூடுவார்கள் என்பது காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு.

தெருப் போராட்டத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2017 ஜூனில், ஒபாமா காலத்துக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கி மெடிக்கெய்டையும் வெட்டும் முயற்சியை எதிர்த்து, ‘அடாப்ட்’ அமைப்பின் மாற்றுத்திறனாளிகள் செனட்டர் மெக்கானலின் அலுவலக வாசலில் படுத்தார்கள். சக்கர நாற்காலியிலிருந்து அவர்களைத் தூக்கிப்போனதை நாடே பார்த்தது. அடுத்த மாதம் அந்த முயற்சி செனட்டில் 49-க்கு 51 என்று தோற்றது. அந்தத் துணிவு அவர்களுடையது. உன்னால் ஆகக்கூடியது வேறு.

புதிய சட்டத்தில் கடும் நோயால் நலிந்தவர்களுக்கு விலக்கு உண்டு. நலிந்தவர் என்று காட்டுவதற்கு உன் குறிப்புதான் பெரிய ஆதாரமாக இருக்கும். “சர்க்கரை நோய், மருந்து தொடர்கிறது” என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. எத்தனை நிமிடம் நின்றால் கால் மரத்துப்போகிறது, வாரத்தில் எந்த மூன்று நாள் டயாலிசிஸில் போகிறது, அது முடிந்து வீடு திரும்பியபின் எழுந்து நடக்க எவ்வளவு நேரமாகிறது, இவற்றைக் கேட்டு எழுது. கேட்டால்தான் சொல்வார்கள். இல்லாததை மட்டும் ஒரு வரி எழுதிவிடாதே. ஒரு பொய்ச் சான்று பிடிபட்டால் நியாயமாகக் கேட்கும் நூறு பேரைச் சந்தேகிப்பார்கள்.

பி.பி. பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேள்: வீடு மாறினீர்களா, மெடிக்கெய்டிலிருந்து கடிதம் வந்ததா? பழைய முகவரிக்குப் போன கடிதத்தால் காப்பீடு போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடிதம் கையில் இருந்தால், அவர் கிளம்புவதற்குள் சோஷியல் வொர்க்கரிடம் அனுப்பிவை.

காப்பீடு போனவருக்கு எந்த மாதம் மருந்து நின்றது, எந்த மாதம் அவசரப் பிரிவுக்கு வந்தார் என்று தேதியோடு குறித்துவை. அவர் சம்மதித்தால், பெயரில்லாமல், மருத்துவர் சங்கம் வழியாகச் சட்டமன்றக் குழுவுக்கு அனுப்பலாம். கட்சிப் பேச்சு வேண்டாம். மருந்துச்சீட்டு எழுதும் அதே நிதானத்தோடு எழுது.

உங்கள் மாநிலம் விலக்குப் படிவத்தை வெளியிட்டதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்