துடிக்க மறுத்த சுற்று

சென்ற தவணை எமது குழுவுக்குக் கிடைத்த ஒப்படை பார்வைக்கு மிக எளிது. மூன்று நொட் படலைகளை வளையமாக இணைத்து ஓர் அலைவுச் சுற்றைக் கணினியில் அமைக்க வேண்டும். அது தரும் சதுர அலையை அறிக்கையில் சேர்க்க வேண்டும். சுற்றை வரைய எமக்குப் பத்து நிமிடமே எடுத்தது. ஓடவிட்டுப் பார்த்தால் திரையில் அலை இல்லை. ஒரு நேர்கோடும், அதன்மேல் "எக்ஸ்" என்ற எழுத்தும்தான் இருந்தன.

மறுநாள் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். "புத்தகத்தில் இருக்கிற அலையைப் பார்த்து நாமே கீறிவிடுவோமா?" என்று குழுவில் ஒருத்தி கேட்டாள். நான் உடனே மறுக்கவில்லை. அடிமட்டத்தையும் பென்சிலையும் எடுத்தும்விட்டேன். ஆனால், "ஏன் வரவில்லை என்று டீச்சர் கேட்டால் என்ன சொல்வது?" என்று மற்றவள் கேட்டபோது கை நின்றுவிட்டது. அன்று மாலை நாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த நான்கு தவறுகளையும் இங்கே எழுதுகிறேன். அடுத்த வருடம் இதே ஒப்படையைச் செய்யப்போகும் தங்கையருக்கு உதவும்.

சுற்று என்ன செய்ய வேண்டும்?

நொட் படலை தனக்குக் கிடைத்ததை எதிராக மாற்றிச் சொல்லும். 0 வந்தால் 1, 1 வந்தால் 0. வட்டமாக அமர்ந்த மூன்று தோழியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருத்தியும் தான் கேட்டதற்கு எதிரானதை அடுத்தவளின் காதில் சொல்கிறாள். முதலாமவள் "ஆம்" என்றால், சுற்றி வந்து அவள் காதில் விழுவதும் "ஆம்" ஆகவே இருக்கும். அதனால் அவள் "இல்லை" என்று மாற்றியாக வேண்டும். இந்தப் பேச்சு ஒருபோதும் ஓயாது. அதுவே அலைவு. தோழியர் நால்வராக இருந்தால் முரண்பாடு இல்லை. பேச்சு ஒரே நிலையில் நின்றுவிடும். எனவே படலைகளின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு படலையும் பதில் சொல்லச் சிறிது நேரம் எடுக்கும். அந்தத் தாமதம் 10 நனோசெக்கன் என்று கொள்வோம். மாற்றம் வளையத்தை இரு முறை சுற்றி வந்தால்தான் ஓர் அலை முழுமையாகும். ஆகவே அலைவு காலம் 2 × 3 × 10 = 60 நனோசெக்கன். மீடிறன் ஏறத்தாழ 16.7 மெகாஹேட்ஸ்.

முதல் தவறு: தொடக்கம் இல்லை

"எக்ஸ்" என்பது "தெரியாது" என்பதன் அடையாளம். ஓடத் தொடங்கும்போது எந்தக் கம்பியில் 0, எதில் 1 என்று மென்பொருளுக்கு நாம் சொல்லவில்லை. தெரியாததன் எதிர் என்ன? அதுவும் தெரியாததுதான். அந்த அறியாமையே வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

ஒரு நொட் படலையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் நான்ட் படலையை வைத்தோம். அதன் ஓர் உள்ளீடு வளையத்துடன் இணைந்திருக்கும்; மற்றது எமது ஆளியுடன். ஆளியில் 0 கொடுத்தால், மற்ற உள்ளீடு தெரியாததாக இருந்தாலும் நான்ட் படலையின் வெளியீடு நிச்சயமாக 1. அதிலிருந்து அடுத்த படலை 0, அதற்கடுத்தது 1 எனக் கம்பிகள் எல்லாம் தெளிந்துவிடும். பிறகு ஆளியை 1 ஆக்கினால் நான்ட் படலை சாதாரண நொட் போலவே நடந்துகொள்ளும்.

இரண்டாம் தவறு: தாமதம் இல்லை

ஆளியை 1 ஆக்கியதும் மென்பொருள் அப்படியே நின்று, அலைவு எல்லை மீறிவிட்டதாக எச்சரித்தது. படலைகளின் தாமதம் 0 என்று இருந்ததே காரணம். தாமதமே இல்லாவிட்டால் 0 இலிருந்து 1, 1 இலிருந்து 0 என்ற மாற்றங்கள் அனைத்தும் ஒரே கணத்தில் நடந்தாக வேண்டும். கடிகாரம் அடுத்த கணத்துக்கு நகரவே முடியாது. ஒவ்வொரு படலைக்கும் 10 நனோசெக்கன் கொடுத்தோம். சதுர அலை வந்தது! கணக்கிட்ட 60 நனோசெக்கன் திரையிலும் அப்படியே இருந்தது.

மூன்றாம் தவறு: அசைவு இல்லை

ஒப்படையின் அடுத்த பகுதி, இதே வளையத்தைத் திரான்சிற்றர்களால் அமைத்து ஸ்பைஸ் வகை மென்பொருளில் பார்ப்பது. அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லோரன்ஸ் நேகல் உருவாக்கி, 1973இல் வெளிப்படுத்தியது ஸ்பைஸ். இங்கே 0, 1 இல்லை, வோல்ற்றளவே உண்டு. 5 வோல்ற்று வழங்கினோம். மூன்று கம்பிகளும் ஏறத்தாழ 2.5 வோல்ற்றில் நேர்கோடாக நின்றன.

இவ்வகை மென்பொருள் நேரத்தை ஓடவிடுமுன் சுற்றின் சமநிலையைக் கணிக்கிறது. மூன்று படலைகளும் அச்சொட்டாக ஒன்றே என்பதால் மூன்றும் நடுவில் நிற்பதும் ஒரு சமநிலைதான். கூர்முனையில் நிறுத்திய பென்சில் போன்ற சமநிலை அது. உண்மை உலகில் மின்னிரைச்சலும், படலைகளுக்கிடையிலான நுண்ணிய வேறுபாடுகளும் அந்தப் பென்சிலைத் தள்ளிவிடும். கணினிக்குள் காற்றுக்கூட வீசாது. எனவே ஒரு கம்பியின் தொடக்க வோல்ற்றளவு 0 என்று நாமே கொடுத்தோம். கோடு அசைந்தது, அலை பிறந்தது.

நான்காம் தவறு: படி பெரிது

ஆனால் அந்த அலை கோணல்மாணலாக இருந்தது. மென்பொருள் நேரத்தைப் படிப்படியாகத் தாண்டிச் சென்றே கணிக்கிறது. நாம் உச்சப் படியாக 20 நனோசெக்கனை இட்டிருந்தோம். 60 நனோசெக்கன் அளவான ஓர் அலையை மூன்று புள்ளிகளால் வரைந்தால் உருவம் எப்படி வரும்? படியை 1 நனோசெக்கன் ஆக்கியதும் விளிம்புகள் தெளிந்தன.

நினைவில் வைக்க

அலைவுச் சுற்று திரையில் உறங்கினால் கம்பிகளைப் பிடுங்கி மீண்டும் பூட்ட அவசரப்படாதீர்கள். படலைகளின் எண்ணிக்கை ஒற்றையா? தொடக்க நிலை கொடுத்தாயிற்றா? தாமதம் உண்டா? சமநிலையில் சிக்கியுள்ளதா? நேரப்படி போதிய அளவு சிறிதா? இந்த ஒழுங்கில் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும்.

எமது சுற்றில் இணைப்புப் பிழை ஒன்றுகூட இருக்கவில்லை. உண்மையான சுற்றுக்கு இயற்கை தானாகவே கொடுக்கும் தாமதத்தையும் சிறு அசைவையும் கணினிக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அறிக்கையில் சதுர அலையுடன் அந்த நேர்கோடுகளின் படங்களையும் சேர்த்துக் கொடுத்தோம். டீச்சர் அலை இருந்த பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் புரட்டினார். நேர்கோடுகள் இருந்த பக்கத்தில் நிறுத்தி, "இதை விளக்குங்கள் பார்ப்போம்" என்றார். மூவரும் மாறி மாறி விளக்கினோம். அன்று நான் பென்சிலால் அலையைக் கீறியிருந்தால் அந்தப் பக்கமும் இருந்திராது, சொல்ல எம்மிடம் எதுவும் இருந்திராது.