எஞ்சின் பேரிங் மாற்றுதல்: உழவர் அறிய வேண்டுவன

மின் இணைப்பு எட்டாத கரிசற்காட்டுக் கிணறுகளில் இன்றும் ஆயில் எஞ்சின் நீரிறைக்கின்றது. இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனத்து மெதுவேக எஞ்சினைப் பின்பற்றி ராஜ்கோட்டில் செய்யப்பட்டவை இத்தகையன. நிமிடத்திற்கு 650 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் இரு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கின்றது. ஆகவே கனெக்டிங் ராடின் பேரிங் மணிக்கு 19,500 அடிகளைத் தாங்குகின்றது. அது தேய்தல் இயல்பே. தேய்ந்த பின்னும் ஓட்டுதலே பிழையாகும்.

சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தோம். உறுப்பினர் ஒருவர் எஞ்சினின் தட்டோசையை இரு வாரம் பொருட்படுத்தாது விட்டிருந்தார். பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு கிராங்க் ஷாப்ட் வரை சென்றது. எஞ்சின் பட்டறையிலிருந்து திரும்புமுன் மிளகாய்ப் பயிர் வாடிவிட்டது.

சோதனை எளிது. எஞ்சினை நிறுத்தி, டீசலை அடைத்து, பக்கமூடியைக் கழற்றி, ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது நகர்தல் குற்றமன்று. மேல்கீழ் ஆட்டம் தெரிந்தால் தேய்வு உண்டு.

கழற்றுமுன் ராடிலும் அதன் மூடியிலும் ஒரே பக்கத்தில் அடையாளப் புள்ளி குத்துக. மூடி திரும்பிப் பொருந்தலாகாது. பின்னர்க் கிராங்க் பின்னின் மேல் நகத்தை ஓட்டுக. கீறல் நகத்தைத் தடுக்குமாயின் வீட்டு வேலையை அத்துடன் நிறுத்தி, பட்டறையில் கிரைண்டிங் செய்விப்பதே முறை.

பின் நன்றாயிருந்தால் புதிய பேரிங்கைப் பொருத்தி, மெல்லிய ஈயக்கம்பித் துண்டு ஒன்றைப் பின்னின் மேல் வைத்து, மூடியை முழுதும் முறுக்குக. எஞ்சினைச் சுழற்றாமல் மூடியைக் கழற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரால் அளந்திடுக. அதுவே இடைவெளி. பின்னின் விட்டம் ஓர் அங்குலத்திற்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் என்பது பொதுக்கணக்கு. எஞ்சினுக்குரிய கையேடு வேறு அளவு கூறின் அதனையே கொள்க. ஈயத்துண்டை அகற்றி, எண்ணெய் தடவிய பின்னரே இறுதியாக முறுக்க வேண்டும்.

ராடின் சிறுமுனைப் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றுதல் தீது. நீண்ட போல்ட், நட்டு, தடித்த வாஷர்கள், புஷ்ஷினும் அகன்ற குழாய்த்துண்டு ஆகியன போதும். ராடின் ஒரு பக்கம் குழாயையும் மறுபக்கம் புஷ்ஷினும் சற்றுச் சிறிய வாஷரையும் வைத்து நட்டை முறுக்கினால், பழைய புஷ் குழாய்க்குள் இழுபடும். புதியதையும் இவ்வாறே இழுத்தேற்றலாம். எண்ணெய்த் துளைகள் நேர்பட வேண்டும். ஏறிய புஷ்ஷின் துளை சிறிது சுருங்குமாதலால், ரீமர் இட்டுச் சரிசெய்வது பட்டறையின் பணி.

சிவகாசி வட்டாரத்தார்க்கு ஓர் எச்சரிக்கை: பட்டாசு, திரி, மருந்து இருக்கும் இடத்திலோ அதன் அருகிலோ இவ்வேலை கூடவே கூடாது. கழுவும் மண்ணெண்ணெயும் இரும்பில் எழும் பொறியும் பேரிடர் விளைக்கும்.

குழாயும் போல்ட்டும் எவ்வீட்டிலும் கிடைக்கும், மைக்ரோமீட்டர் கிடைப்பதரிது. அதனைத் தனியொருவர் வாங்க வேண்டுவதில்லை. சங்கம் ஒன்று வாங்கி வைப்பின், உறுப்பினர் அனைவரும் முறைவைத்துப் பயன்கொள்ளலாம். கருவிக்குறையை மதியால் ஈடுசெய்யலாம். அளவின்மையை எதனாலும் ஈடுசெய்ய இயலாது.